எடை மெஷின் முன்னாடி வரிசை

நம்ம மலேசியா பள்ளிக்கூடத்துல செகாக்னு ஒரு உடற்தகுதி டெஸ்ட் இருக்குல்ல, 2008ல ஆரம்பிச்சது, நாலாம் ஆண்டுலேர்ந்து பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை. மூணு நிமிஷம் பெஞ்சுல ஏறி எறங்கணும், புஷ்அப், வயித்தை மடக்கி எழும்புறது, உக்காந்து காலை நீட்டி முன்னாடி எட்டுறது. இதெல்லாம் பரவால்ல லா, சிரிச்சுக்கிட்டே செஞ்சுருவாங்க. அதோட சேத்து எடுக்குற பிஎம்ஐதான் வயித்தெரிச்சல். எங்க ஊரு சுங்கை சிப்புட்ல ஃபார்ம் டூ, அதாவது எட்டாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகளை வரிசையில நிக்க வச்சு எடையைச் சத்தமா படிச்சாங்களாம், பின்னாடி நின்ன பையங்க கேட்டுட்டானுங்க, அப்புறம் என்ன, பட்டப்பேர்தான். அந்த வாரமே நெட்பால் ப்ராக்டிசுக்கு வரலன்னுட்டா. உடம்பு நல்லா இருக்கணும்னு வச்ச டெஸ்டு, ஓடிக்கிட்டு இருந்த பிள்ளையை உக்கார வச்சிருச்சு.

பிஎம்ஐங்கிறது எடையை உயரத்தோட ஸ்கொயரால வகுத்தா வர்ற நம்பர், அவ்ளோதான், அதுல சதை எவ்ளோ கொழுப்பு எவ்ளோன்னு அதுக்குத் தெரியாது. ஆசியாக்காரங்க 25 வரைக்கும் காத்திருக்காம 23லயே உஷாரா இருக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க, சரிதான், சக்கர வியாதி இல்லாத வீடு நம்ம குடியிருப்புல எத்தனை? ஆனா அது பெரியவங்க கணக்கு. வளர்ற பிள்ளைங்களுக்கு வயசு பாத்து, ஆணா பொண்ணான்னு பாத்து வேற சார்ட் இருக்கு.

விளையாடுற பிள்ளைங்களுக்கு தன் உடம்பு மேல ஒரு பிரியம் வரும்னு சொல்றது பொதுவா உண்மைதான். உடம்பு எளைக்கிறதுக்கு முன்னாடியே அது வந்துரும், மெஷின்ல ஒரு கிலோ குறைஞ்சிருக்காது, ஆனா நம்ம காலு இவ்ளோ வேகமா ஓடுதே, இந்தக் கை அவ்ளோ தூரம் பந்தை எறியுதேன்னு உள்ளுக்குள்ள ஒரு தெம்பு. அதே எக்சர்சைசை எளைக்கணும், அழகாத் தெரியணும்னு மட்டும் செய்றவங்களுக்கு பல சமயம் தலைகீழா போகுது, செய்யச் செய்ய குறைதான் கண்ணுல படும். யாரு பாக்குறாங்கங்கிற நெனப்புதான் ரெண்டுக்கும் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

பையங்க தப்பிச்சாங்கன்னு நெனைக்காதீங்க. தைப்பூசத்துக்கு முந்தின மாசம் டவுன்ல இருக்குற ஜிம்முக்குப் போய்ப் பாருங்க, நிக்க எடம் இருக்காது. காவடி எடுக்குறப்ப சட்டை போட முடியாதுல்ல, போட்டோ எப்படியும் இன்ஸ்டாகிராம்ல வரும், அதனால விரதம் ஒரு பக்கம் புரோட்டீன் பவுடர் ஒரு பக்கம். முருகன் கேட்டாரா சிக்ஸ் பேக்? சில பையங்களுக்கு எவ்ளோ தூக்கினாலும் தான் இன்னும் ஒல்லியா இருக்கோம்னே தோணிக்கிட்டு இருக்கும், அதுக்கு மசில் டிஸ்மார்ஃபியான்னு மருத்துவத்துல பேரே இருக்கு, ஆனா அவன் வாயத் தொறந்து சொல்லமாட்டான், சொன்னா கூட்டாளிங்க கிண்டல் பண்ணுவானுங்கன்னு பயம்.

பொண்ணுங்களுக்கு எடை மட்டும் இல்ல, வெயிலும் சேந்துக்கும். திடல்ல ரெண்டு வாரம் ஓடுனா போதும், கோயில்ல பாக்குற ஆன்ட்டிங்க எல்லாம் “என்னம்மா இப்படி கறுத்துட்ட”. இவங்க அம்மாமாரே விடியக்காலையில தலையில லைட்டு கட்டிக்கிட்டு எஸ்டேட்ல ரப்பர் மரம் சீவுனவங்கதான், அப்புறம் வெயில்ல ரப்பர் பால் தூக்குனவங்கதான்! அந்தக் காலத்துல உடம்பைப் பத்தி கவலையே இல்லன்னு நான் கதை விடமாட்டேன், கவலைப்பட நேரம் இல்ல, அதான் விஷயம்.

சிரம்பான் பொண்ணு கிசோனா செல்வதுரை 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுல பேட்மிண்டன் தங்கம் வாங்குனவங்க. 2021ல சுதிர்மான் கப்னு நாடுகளுக்குள்ள நடக்குற பேட்மிண்டன் போட்டியில ஒரு மேட்ச் தோத்ததும், எந்த எஸ்டேட்லேர்ந்து பொறுக்கிட்டு வந்தாங்கன்னு இனத்தை இழுத்து ஒரு அரசியல்வாதி ஃபேஸ்புக்ல எழுதினாரு. நாடே திட்டுச்சு, மன்னிப்பு கேட்டாரு, சரி. ஆனா எஸ்டேட்ல பொறந்து வளந்த பிள்ளைங்க அதப் படிச்சிருக்கும்ல? தங்கம் வாங்குனவங்களுக்கே இந்தப் பேச்சுன்னா நமக்கு என்னன்னு நெனச்சிருக்கும்ல?

டீச்சருங்க யாராச்சும் இதப் படிச்சா ஒண்ணு கேக்குறேன், எடையை ஒரு ஸ்க்ரீனுக்குப் பின்னாடி எடுங்க, நம்பரை வாயால சொல்லாம எழுதிக்கோங்க, செலவே இல்ல. டீம் ஜெர்சிக்கு அளவு கேக்குறப்பவும் குரூப்புல “எக்ஸ்எல் யாருக்கு”ன்னு போடாதீங்க, ஒவ்வொருத்தருக்கா தனியா வாட்சப் பண்ணிக் கேளுங்க லா.