ரிஜிஸ்டரில் ஏறாத நாற்பது நிமிடம்

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் கடையும் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஷாப்பில் மெயின்டெனன்ஸ் என் பொறுப்பு. எங்கள் பிஎம் (பழுது வருமுன் செய்யும் பராமரிப்பு) அட்டவணை மாதாமாதம் நூறு சதவீதம் முடிந்ததாகக் காட்டும். பிரேக்டவுன் ரிஜிஸ்டரும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆனால் காலைக் கூட்டத்தில் புரொடக்‌ஷன்காரர்கள் சொல்வது வேறு: "மெஷின் நின்னு நின்னு ஓடுது, அதான் பீஸ் வரல." யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் ஓஇஇ கணக்கை, அதாவது மெஷின் ஓடிய நேரம், வேகம், தரம் மூன்றையும் பெருக்கிப் பார்க்கும் கணக்கைக் கையில் எடுத்தோம்.

ஒரே ஒரு லைன், பேப்பரும் பேனாவும். மென்பொருள் வாங்கலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. தன் கையால் எழுதும் ஆபரேட்டருக்குத்தான் நிமிடத்தின் அருமை தெரியும்.

ஒரு ஷிப்ட் கணக்கைச் சொல்கிறேன். 480 நிமிடத்தில் சாப்பாடு, டீ 30 போக 450. பதிவான பிரேக்டவுன் 45 நிமிடம். மெஷின் ஓடியது 405, அதாவது 90 சதவீதம். ஒரு பீஸுக்கு 90 விநாடி என்றால் 270 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 243. வேகத்திலும் 90. அதில் 5 ரிஜெக்ட், ஆக தரம் ஏறக்குறைய 98. மூன்றையும் பெருக்கினால் ஓஇஇ 79 சொச்சம்.

டிபிஎம் (எல்லாரும் பங்கெடுக்கும் பராமரிப்பு) முறையை உருவாக்கிய செய்ச்சி நாகாஜிமா இந்த மூன்றுக்கும் 90, 95, 99 என்று அளவு வைத்தார். பெருக்கினால் 85 பக்கம் வரும். அந்த 85-ஐச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு எல்லா மெஷினையும் விரட்டுகிற பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஷிப்டில் பலமுறை செட்டிங் மாறும் மெஷினையும் மாதக்கணக்கில் ஒரே பீஸ் ஓட்டும் மெஷினையும் ஒரே தராசில் வைக்க முடியாது. போன மாதம் அதே மெஷின் எப்படி ஓடியது என்று பார்ப்பதுதான் முறை.

எங்களுக்கு வழிகாட்டியது 79 இல்லை, வராமல் போன அந்த 27 பீஸ். நிமிடத்தில் பார்த்தால் நாற்பது. பதிவான 45 நிமிடத்துக்கு என்ன காரணம், யார் போனது என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். ஏறக்குறைய அதே அளவு நேரம் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாமல் போயிருக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை.

லைனிலேயே நின்று பார்த்தேன். கதவு மூடியபின்னும் 'டோர் நாட் குளோஸ்டு' அலாரம் வருகிறது. ஆபரேட்டர் ஏர் கன்னை எடுத்து, கதவு மூடியதா என்று பார்க்க அதன் கீழ் ஓரம் இருக்கும் சென்சார் மேல் அடிக்கிறார், கூலண்டில் ஊறிய பொடிச் சிப் (உலோகச் சீவல்) தெறிக்கிறது, ரீசெட், ஸ்டார்ட். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே அலாரம். "இதை ஏம்ப்பா எழுதல?" என்றேன். "இதெல்லாம் பிரேக்டவுனா சார்? ஏர் அடிச்சா போயிடும்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பத்து நிமிடத்துக்குள் சரியானால் எழுத வேண்டாம் என்பது எங்கள் டிபார்ட்மென்ட் வைத்த விதி.

அந்த சென்சாரைச் சிப் விழாத மேல் ஓரத்துக்கு மாற்றி, ஒரு தகட்டு மூடி போட்டோம். ஸ்டோர்ஸில் கிடந்த தகடுதான். அலாரம் நின்றது. பிஎம் செக்‌ஷீட்டில் 'சென்சார் சுத்தம்' என்ற வரிக்கு மாதாமாதம் டிக் விழுந்துகொண்டேதான் இருந்தது. சென்சார் இருக்கும் இடமே தப்பு என்று சொல்ல அதில் கட்டம் இல்லை.

அதன்பின் எவ்வளவு சின்ன நிறுத்தமானாலும் எழுதச் சொன்னோம். ஒடிசா, பீகார் தம்பிகளும் லைனில் இருப்பதால் காரணங்களைப் படமும் நம்பருமாக அச்சடித்து மெஷினில் ஒட்டினோம். எல்லாரும் எழுத ஆரம்பித்ததும் நிறுத்தங்களின் எண்ணிக்கை ஏறி, எம்டிபிஎஃப் (இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் மெஷின் சராசரியாக ஓடும் நேரம்) சரிந்தது. இதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்: "சார், முதல் மாசம் நம்பர் மோசமா வரும். அதுக்காக யாரையும் திட்டிட்டா அடுத்த மாசம் யாரும் எழுத மாட்டாங்க." அவர் சொல் காப்பாற்றினார். இந்த வேலையில் மிகப் பெரிய உதவி அதுதான்.

அடுத்து எம்டிடிஆர், அதாவது நின்ற மெஷின் சரியாக ஆகும் சராசரி நேரம். மெஷின் நின்றது, தகவல் வந்தது, டெக்னீஷியன் வந்தது, கோளாறு தெரிந்தது, ஸ்பேர் கைக்கு வந்தது, முதல் நல்ல பீஸ் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் மணி எழுதினோம். ஸ்பேனர் பிடிக்கும் நேரம் அதில் சின்னத் துண்டுதான். பீஸைக் கவ்விப் பிடிக்கும் ஹைட்ராலிக் சக்கின் சோலனாய்டு காயில் (வால்வை இயக்கும் மின்சுருள்) போனால் மாற்றுவது சுலபம். ராத்திரி ஷிப்டில் ஸ்டோர்ஸ் சாவிக்கும் கையெழுத்துக்கும் காத்திருப்பதுதான் மெஷினை நிறுத்திப் போட்டது. காயில், சென்சார், ஃபியூஸ், ஓ-ரிங் போன்றவற்றை ஷாப் ஃப்ளோரிலேயே ஒரு அலமாரியில் வைத்து, எடுத்தவர் எழுதினால் போதும் என்று ஆக்கினோம். அக்கவுன்ட்ஸ் ஒப்புதல் வாங்கத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இப்போது கிரைண்டிங் செக்‌ஷனுக்குப் போகிறோம். அங்கே பிரேக்டவுன் அபூர்வம் என்பதால் எம்டிபிஎஃப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வீல் டிரெஸ்ஸிங்குக்கும் (சாணைக்கல்லைச் சீவிக் கூராக்குவது) அளவு திருத்தத்துக்கும் போகும் நேரத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.