அமோனியம் குளோரைடை ஏன் முதலில் போட்டோம்?

பிளஸ் டூ வேதியியலில் எனக்குப் பிடித்ததே சால்ட் அனாலிசிஸ்தான். அப்போது பாடத்துக்கு 200 மதிப்பெண், அதில் 50 செய்முறைக்கு, அதனால் பிடிக்காதவர்களும் செய்தே ஆக வேண்டும் என்பது வேறு விஷயம். ஒரு சிட்டிகை பொடியைக் கொடுத்து இது என்ன என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

எல்லோரிடமும் குறுக்கு வழி இருந்தது. நீலமாக இருந்தால் காப்பர், வெளிறிய ரோஜா நிறமென்றால் பெரும்பாலும் மாங்கனீசு, ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்த்துத் தேய்த்து வினிகர் வாடை வந்தால் அசிடேட். ஈயம் வந்தால் கொண்டாட்டம். பொட்டாசியம் அயோடைடு விட்டதும் மஞ்சளாக விழும் வீழ்படிவைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் கரைந்துவிடும், ஆறினால் தங்கத்தூள் மாதிரி மின்னிக்கொண்டே இறங்கும். இதைப் பார்ப்பதற்காகவே பக்கத்து மேசைக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

ஆனால் குரூப் பிரிக்கிற வேலையை (ஒவ்வொன்றாக எதையாவது சேர்த்து, எந்த உலோகம் எதில் கரையாமல் அடியில் விழுகிறது என்று பார்த்து உலோகங்களைக் குழு குழுவாகப் பிரிப்பது) மட்டும் மந்திரம் மாதிரி செய்தோம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் ஹைட்ரஜன் சல்பைடு (அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப்ஸ் உபகரணத்தைத் திறந்தால் வராண்டா முழுக்க அழுகிய முட்டை நாற்றம்), அப்புறம் அமோனியம் குளோரைடு, அதற்குப் பிறகுதான் அமோனியம் ஹைட்ராக்சைடு. வரிசை ஏன் மாறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 1841இல் ஃப்ரெசீனியஸ் என்ற ஜெர்மானியர் மாணவராக இருந்தபோதே பண்பறி பகுப்பாய்வுக்கு, அதாவது ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு, ஒரு நூல் எழுதி இந்த மாதிரி முறையைப் பரப்பினார் என்பதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், காரணம் எங்கள் தியரி வகுப்பிலேயே இருந்தது. பொது அயனி விளைவு. ஒரு கேள்வியாகப் படித்து, எழுதி, மறந்தோம். அமோனியம் குளோரைடு முதலில் போவதால் கரைசலில் அமோனியம் அயனி கூடிவிடும், அதனால் பின்னால் ஊற்றும் அமோனியம் ஹைட்ராக்சைடு நன்றாக அயனிகளாகப் பிரிய முடியாமல் ஹைட்ராக்சைடு அயனி கொஞ்சமாகவே வரும், அந்தக் கொஞ்சத்துக்கே விழக்கூடியவை அலுமினியம், இரும்பு போன்றவைதான், மெக்னீசியம் விழாமல் கடைசி வரை கரைசலில் தங்கும். குளோரைடைப் போடாமல் விட்டால் மெக்னீசியமும் மூன்றாம் குரூப்பிலேயே எட்டிப்பார்க்கும்.

ஹைட்ரஜன் சல்பைடும் அதே கதைதான். அமிலத்தில் செலுத்தினால் சல்பைடு அயனி மிகக் குறைவு, இரண்டாம் குரூப்பின் காப்பரும் காட்மியமும் அதற்கே விழுந்துவிடும். அம்மோனியா சேர்த்த கரைசலில் செலுத்தினால் சல்பைடு அயனி கூடும், அப்போதுதான் நாலாம் குரூப்பின் துத்தநாகமும் மாங்கனீசும் விழும். ஒரே வாயு, இரண்டு குரூப். கல்லூரியில் கரைதிறன் பெருக்கம் (அயனிகள் எந்த அளவைத் தாண்டினால் கரையாமல் விழும் என்ற கணக்கு) படிக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. தியரி ஆசிரியரும் லேப் ஆசிரியரும் ஒரே ஆள்தான், ஆனாலும் ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்துப் பேசியதில்லை. முழு மதிப்பெண் எடுக்க அது தேவைப்படவில்லை போல.

இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று. ஈயம் ஏன் முதல் குரூப்பிலும் இரண்டாவதிலும் வருகிறது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் முழிக்காதீர்கள். ஈயக் குளோரைடு குளிர்ந்த தண்ணீரிலேயே கொஞ்சம் கரையும். முதல் குரூப்பில் விழாமல் தப்பித்த மிச்சம்தான் இரண்டாவதில் கறுப்புச் சல்பைடாக மாட்டிக்கொள்கிறது.