கடைக்காரன் சைகை படிப்பானே?

“டீச்சர், கோவிக்காதேங்கோ, நான் கண்ணை மூடினாப் பிறகு கடைக்காரன் இவனுக்காக சைகை படிப்பானே?” அந்த அம்மா கேட்டது இன்னும் மண்டைக்குள்ள நிக்குது.

அவா கேட்டு வந்தது வேற ஒண்டுமில்லை, காது கேக்காத தன்ரை பொடியனுக்கு கையால, சைகை மொழியில படிப்பிக்க வேண்டாம், வாயால கதைக்கப் பழக்குங்கோ எண்டுதான். நான் ஏலாது எண்டதோட நிக்காமல் ஆசிரியர் டிப்ளோமாவில படிச்ச மிலான் கதையையும் எடுத்து விட்டன். 1880 இல இத்தாலியின்ரை மிலான் நகரத்தில காது கேக்காத பிள்ளையளின்ரை ஆசிரியர்மார் உலக மாநாடு எண்டு கூடி, 160 பேர் ஆதரவு 4 பேர் எதிர்ப்பு எண்டு வாய்ப்பேச்சுத்தான் சரி, சைகை வேண்டாம் எண்டு முடிவெடுத்தவை, அந்தச் சபையில காது கேக்காத ஆக்கள் இல்லை எண்டே சொல்லலாம். பேந்து காது கேக்காத ஆசிரியர்மாருக்கு வேலை போச்சு, பிள்ளையளின்ரை கையைக் கட்டி வைச்ச இடங்களும் இருந்தது. அது பிழை எண்டு வருத்தம் சொல்ல 2010 இல வான்கூவரில கூடின அதே உலக மாநாடு மட்டும் பொறுக்க வேண்டி வந்தது. எங்கட நாட்டில காது கேக்காத பிள்ளையளுக்கு முதல் பள்ளிக்கூடம் தொடங்கின 1912 உம் உலகம் வாய்ப்பேச்சின்ரை பக்கம் நிண்ட காலம்தான்.

நான் சொன்னதில பிழை இல்லை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு ‘மாமா’ எண்டும் ‘பாப்பா’ எண்டும் சத்தம் இல்லாமல் சொல்லிப் பாருங்கோ, உதடு ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். இதைப் பிரிச்சுக் காட்ட அவன்ரை விரலை என்ரை மூக்கில வைச்சு ‘ம’ வின்ரை அதிர்வைத் தொட்டுப் பாக்க விடுவன், உதட்டுக்கு முன்னால கடதாசித் துண்டைப் பிடிச்சு ‘ப’ சொன்னா அது ஆடும். ஒரு எழுத்துக்கே இவ்வளவு மினக்கெட்டா கணக்கும் சூழலும் எப்ப படிக்கிறது? கைதடியில காது கேக்காத பிள்ளையளின்ரை நஃபீல்ட் பள்ளிக்கூடத்தில படிச்ச பெரியாக்கள் கடையில எழுதிக் காட்டித்தானே சாமான் வாங்கினம் எண்டு சொன்னன். “அவைக்கு எழுத்து வரும் டீச்சர், இவனுக்கு வரேல்லையே” எண்டா. எழுத்து வாறதுக்கு முதல் அவனுக்கு ஒரு பாஷை முழுசா வேணும், அதுக்குத்தான் சைகை எண்டன். அவா தலையாட்டினவா, விளங்கித்தான் ஆட்டினவாவோ தெரியேல்லை.

கண் தெரியாத ஆக்கள் விரலால தொட்டு வாசிக்கிற பிரெயில் புள்ளி எழுத்தின்ரை கதையும் இதுமாதிரித்தான். பாரிஸில கண் தெரியாத பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்தில கண் தெரிஞ்ச வாத்திமாருக்கு வாசிக்க லேசு எண்டு சாதாரண எழுத்தையே புடைப்பா வைச்சிருந்தவை, லூயி பிரெயிலின்ரை புள்ளியை ஒரு காலம் தடையும் செய்தவை, பிள்ளையள் ஒளிச்சுப் பாவிச்சவை. 1852 இல அவர் செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் அதை ஏற்றது. அங்கையும் மிலானிலயும் முடிவெடுத்தவை தங்கட வசதியைப் பாத்தவை எண்டுதான் நான் நினைக்கிறன். இந்த அம்மா தன்ரை வசதியையா பாத்தவா? தான் இல்லாத காலத்தை நினைச்சுப் பயந்தவா. அந்தப் பயத்துக்கு முன்னால போய் மிலானைத் தூக்கி வைச்சது சரியோ எண்டு யோசிச்சா ஒருநாள் சரி எண்டு படுது, ஒருநாள் அவாவை வாயடைக்கத்தான் சொன்னனோ எண்டு படுது. சைகையில படிப்பிக்கிறதை விட்டிருக்கலாமோ எண்டு மட்டும் ஒருநாளும் நினைக்கேல்லை.

சனிக்கிழமையில வாங்கோ, நீங்களும் சைகை பழகலாம் எண்டு கேட்டன். சனிக்கிழமையும் அவாவுக்கு வேலை. காலமையில கொஞ்ச நேரம் கடதாசித் துண்டோட ‘ப’ வும் ‘ம’ வும் செய்யிறம், மிச்சப் பாடம் எல்லாம் கையாலதான். அடுத்த பெற்றோர் கூட்டத்திலயும் அவா இதைத்தான் கேப்பா. நானும் அதே பதிலைத்தான் சொல்லுவன், ஆனா 1880 ஐ இழுக்க மாட்டன்.