கொரிந்துவில் அம்மாவின் பொருத்தனை

என் மகன் பிறந்ததும் 26 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அப்போது அம்மா செய்த பொருத்தனை இது: "பிள்ளை பிழைச்சா, பவுல் முதல் நிருபம் எழுதின ஊருக்கே போய் அதை வாசிச்சு ஸ்தோத்திரம் சொல்லுவேன்." பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. பொருத்தனையை நிறைவேற்ற இத்தனை வருடம் இழுத்தது நாங்கள்தான், ஆண்டவர் இல்லை.

நிருபம் என்றால் கடிதம். பவுல் அப்போஸ்தலரின் முதல் நிருபம் என்றால் ரோமர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வேதாகமத்தில் சபைகளுக்கு எழுதின நிருபங்களை ஏறக்குறைய நீளத்தின்படி அடுக்கியிருக்கிறார்கள், அதனால் ரோமர் முன்னால் வருகிறது. எழுதின வரிசை வேறு. கொரிந்துவிலிருந்து எழுதின 1 தெசலோனிக்கேயர்தான் முதல் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். வாத்தியாராயிருந்த அப்பா ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அந்த வரிசைப்படிதான் வாசிப்பார். ஓரத்தில் பென்சிலால் கி.பி. வருடம் குறித்திருப்பார்: ரோமர் 57, 1 தெசலோனிக்கேயர் 51, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அப்பா போய் நாலு வருடமாகிறது. அந்த வேதாகமம்தான் அம்மா கைப்பையில் வந்தது.

பயண ஏற்பாட்டாளர் பட்டியலில் தெல்பியும் இருந்தது. ஏதென்ஸில் இறங்கியதும் "நேரம் போதாது" என்று கைவிரித்துவிட்டார். கட்டின காசு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி என்று தனியாகக் கார் பிடித்தோம். 180 கிலோமீட்டர். அரகோவா மலை வளைவுகளில் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்தார்கள். "திரும்பிடலாமாம்மா?" என்றேன். "பவுல் நடந்தே போயிருக்காரு. வண்டியில உக்காந்து வர எனக்கென்ன கேடு?" என்றார்கள்.

அங்கே அருங்காட்சியகத்தில் உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் சில இருக்கின்றன. ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் தெல்பி பட்டணத்தைக் குறித்து எழுதின கடிதம். அதில் கல்லியோன் பெயர் வருகிறது, கொரிந்து இருந்த அகாயா மாகாணத்தின் அதிபதியாக. அப்போஸ்தலர் நடபடிகள் 18-இல் பவுலை நியாயாசனத்துக்கு முன் இழுத்துக்கொண்டு வந்தபோது வழக்கைத் தள்ளிவிட்டானே, அதே கல்லியோன். ராயன் 26-ஆம் முறை வெற்றிவாழ்த்துப் பெற்றதாகக் கடிதத்தில் இருப்பதால், அதை 52-ஆம் வருடத்தின் முற்பகுதி என்று கணக்கிடுகிறார்கள். அதிபதிக்குப் பொதுவாக ஒரே வருடப் பதவிதான். ஆக, பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கினது ஏறக்குறைய 50-க்கும் 52-க்கும் நடுவில். இந்த ஒரு புள்ளியில் நின்றுகொண்டுதான் மற்றதை முன்னும் பின்னும் எண்ணுகிறார்கள். தமஸ்கு வழியில் விழுந்து பவுல் மனந்திரும்பினது முப்பதுகளில், ரோமாபுரியில் இரத்தசாட்சியானது 64-க்கும் 67-க்கும் இடையில் என்றெல்லாம்.

"கல்லியோன் பேரு கல்லுலயா இருக்கு!" என்று அம்மா சிரித்தார்கள். பிறகு வேதாகமத்தைத் திறந்து, "அப்போ அப்பா போட்ட கேள்விக்குறியை அழிச்சிரலாமாட்டி?" என்றார்கள். 50 ஆகவும் இருக்கலாம்மா என்றேன். "அப்போ இருக்கட்டும்."

மறுநாள் கொரிந்து. கப்பலில் வந்த கூட்டம் நாலைந்து பேருந்தாக இறங்கியிருந்தது. குடை பிடித்த வழிகாட்டிகள் ஆளுக்கொரு பாஷையில் கத்துகிறார்கள். அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்களுக்கு முன்னால் படம் எடுக்க வரிசை வேறு. எங்களுக்குக் கொடுத்தது 45 நிமிடம். அம்மா தூண் பக்கம் திரும்பக்கூட இல்லை. முழங்கால் வலியோடு அந்தக் கரடுமுரடுக் கல்லில் என் தோளைப் பிடித்து நடந்து, நியாயாசனத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, 1 தெசலோனிக்கேயரைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று அதிகாரம் தங்குதடையில்லாமல் போனது. நாலாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தில், "நித்திரையடைந்தவர்கள்" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. எத்தனையோ அடக்க ஆராதனையில் கேட்ட வசனம்தான். ஆனால் பவுல் எழுதினதில் நம் கைக்குக் கிடைத்த முதல் கடிதம் என்று சொல்லப்படுகிற இதிலேயே, செத்துப்போனவர்களுக்காக அழுகிற குடும்பங்களுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு பகலில் கூடாரம் தைத்த மனுஷன், இதே ஊரில் எங்கேயோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். அம்மா அப்பாவின் பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தபடி இருந்தார்கள். நானும் அழுதேன். சுற்றி நின்ற கூட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வழிகாட்டி வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஐந்தாம் அதிகாரம் பாக்கி!

நல்ல வேளையாகப் பேருந்து கெங்கிரேயாவில் கொஞ்சம் நின்றது. பழைய துறைமுகத்தின் கற்கள் தண்ணீருக்குள் கிடக்கின்றன. பவுலும் பிரார்த்தனை பண்ணித் தலைச்சவரம் செய்துகொண்ட ஊர் அது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் கால் நனைத்து நின்று, மீதியை வாசித்தார்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" வந்ததும் பேரன் பெயரைச் சொன்னார்கள், என் பெயர், அப்பா பெயர், அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பெயர், நேற்றுக் கார் ஓட்டினவர் பெயர்கூட. பட்டியல் முடிகிற வழியாயில்லை. பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது, அம்மா அசையவில்லை.