1.052-இல் நின்றுபோன என் முதல் மீட்

தேன், தண்ணீர், ஈஸ்ட். தேனை நொதிக்கவைத்து எடுக்கும் மதுவான மீட் செய்ய இவ்வளவுதான் வேண்டும் என்பதால் எளிதான வேலை போலத் தெரியும், ஆனால் பியரைவிடவும் திராட்சை ஒயினைவிடவும் பாதி வழியில் படுத்துக்கொள்ள அதிக வாய்ப்பிருப்பது மீடுக்குத்தான், அதற்குக் காரணம் தேனுக்குள்ளேயே இருக்கிறது. என் முதல் ஜாடி 1.110 என்ற அடர்த்தியில் (தண்ணீர் 1.000; சர்க்கரை கூடினால் எண் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும்) தொடங்கியது, நுரையும் சத்தமுமாக மளமளவென்று இறங்கியது, 1.052-க்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. ருசித்துப் பார்த்தால் திகட்டும் இனிப்பு, அடியில் மெல்லிய புளிப்பு.

இந்த நிலையில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் ‘இன்னும் கொஞ்சம் ஈஸ்ட் போடுங்கள்’ என்பதுதான். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான ஈஸ்டுகளால் வேலை செய்ய முடியாத ஒரு இடத்தில், உலர்ந்த பாக்கெட்டைப் பிரித்துப் புதிதாகக் கொட்டினால் அவையும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும், அதுவும் ஆல்கஹாலுக்குப் பழகாத நிலையில். எது தடுக்கிறது என்று தெரியாமல் எதையும் உள்ளே போடக் கூடாது.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா? வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாயான ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூடியின் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்றால் வாயு அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும், உள்ளே நொதித்தல் ஜோராக நடக்கும். அறை கொஞ்சம் சூடானாலே கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிக் குமிழி விடும், நொதித்தல் எப்போதோ முடிந்திருந்தாலும். மிதந்து அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் கருவியான ஹைட்ரோமீட்டர் மட்டும்தான் சாட்சி. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, அளவு ஒன்றாகவே இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாதிரிக் குழாயில் ஹைட்ரோமீட்டரை விட்டதும் அதன் கண்ணாடி உடம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். விரல்களால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி விட்டால் குமிழிகள் உதிர்ந்து, கம்பி இரண்டு மூன்று கோடு கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதை நேரடியாக நம்பாதீர்கள், ஆல்கஹால் கலந்த பிறகு அது தப்பான எண்ணைத்தான் காட்டும்.

தேன் சரியாகக் கரையாமல் அடியில் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி என்றால் தொடக்க அளவே பொய். மேலே இருந்து எடுத்த மாதிரி குறைவாகக் காட்டியிருக்கும், அடியில் இருக்கும் தேன் மெல்லக் கரைந்து வரவர அளவு நகராதது போலவே தெரியும். ஜாடியின் அடியில் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால் அடர்த்தியான படலமாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. தொடக்க அளவிலிருந்து இப்போதைய அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஆல்கஹால் சதவீதம் வரும். என் கணக்கில் 0.058 வித்தியாசம், அதாவது 7.6 சதவீதம். நான் போட்டிருந்தது லால்வின் 71பி என்ற ஈஸ்ட் வகை, அது 14 சதவீதம் வரை தாங்கும். ஆக ஈஸ்ட் தன் எல்லையைத் தொட்டு ஓய்ந்துவிடவில்லை, பாதி வழியில்தான் எதிலோ சிக்கியிருக்கிறது. கணக்கில் 13, 14 வந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

வெப்பநிலையைப் பார்ப்பது சுலபம். ஜாடியின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் பல ஈஸ்ட் வகைகள் சுருண்டு அடியில் படிந்துவிடும். ஜாடியை 20 டிகிரி பக்கம் கொண்டுவந்து, படிந்ததை மெதுவாகக் கலக்கிவிட்டாலே சில நேரம் கிளம்பிவிடும். மிகவும் சூடான இடத்தில் வைத்து விரட்டாதீர்கள், எரிக்கும் கரைப்பான் வாடை வந்து அப்புறம் போகவே போகாது. என் ஜாடி 20 டிகிரியில்தான் இருந்தது.

இனிதான் தேனின் குணம். தேனில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சர்க்கரை, ஆனால் ஈஸ்ட் உடம்பு வளர்க்கத் தேவையான நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். திராட்சைச் சாறும் மால்ட்டும் அதைத் தாங்களே கொண்டுவரும், தேனுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை வாடையை விடும், அந்த வாடை வந்தால் ஊட்டம் போதவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கொடுப்பதற்கும் ஒரு காலம் உண்டு. ஆல்கஹால் 9 சதவீதம் தாண்டிவிட்டால் ஊட்டமாகப் போடும் டைஅமோனியம் பாஸ்பேட் உப்பில் உள்ள நைட்ரஜனை ஈஸ்டால் உள்ளே இழுக்க முடியாது, அப்போது போட்டால் உப்புச் சுவைதான் மிஞ்சும். அதனால்தான் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் தவணை தவணையாக ஊட்டத்தைப் போட்டு முடிக்கச் சொல்கிறார்கள். நான் ஃபெர்மெய்ட் ஓ என்ற ஈஸ்ட் ஊட்டத்தை அப்படித்தான் போட்டிருந்தேன், முட்டை வாடையும் இல்லை. ஆகவே பட்டினி மேல் எனக்குச் சந்தேகம் குறைவு.

மிஞ்சியது புளிப்பு. தேனே அமிலத் தன்மை உள்ளது, அதில் முதன்மையானது குளுகோனிக் அமிலம். அதைவிட முக்கியம், அமிலம் கூடும்போது தாங்கிப் பிடிக்கும் தாது உப்புகள் தேனில் மிகக் குறைவு, இருப்பதையும் நிறையத் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்துவிடுகிறோம். ஈஸ்ட் தின்னும்போதே அமிலத்தை வெளியே விடும் உயிர். திராட்சைச் சாறாக இருந்தால் சமாளித்துவிடும், தேன் கரைசலில் பி.எச் (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) மளமளவென்று சரியும். 3.2-க்குக் கீழே போனால் பல ஈஸ்ட் வகைகள் தடுமாறும், 3-ஐ நெருங்கினால் நின்றே போகும். பி.எச் தாளை மாதிரியில் தோய்த்து எடுத்தேன். வெளிர் மஞ்சள் மீடில் தாளின் நிறம் தெளிவாகத் தெரிந்தது, அட்டையில் 3.0 என்ற கட்டத்தோடு அச்சாக ஒத்துப்போனது. இதுதான் விஷயம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்கு மருந்து பொட்டாசியம் பைகார்பனேட். சமையல் சோடாவும் அமிலத்தைக் குறைக்கும், ஆனால் அதில் இருப்பது சோடியம், சுவை கெடும். பொட்டாசியமோ ஈஸ்டுக்கும் தேவைப்படும் தாது, தேனில் அதுவும் குறைவு, ஆக ஒரே பொடியில் இரண்டு வேலை. பொடியைப் போடும் முன் ஜாடியில் உள்ள வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் மெதுவாகத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே கழுத்து வரை நுரை ஏறியது, நிறுத்தி இறங்கவிட்டு மறுபடி திருப்பினேன், நுரை அடங்கும்வரை. இதைச் செய்யாமல் பொடியை நேராகக் கொட்டினால் ஒவ்வொரு துகளிலும் வாயு பற்றிக்கொண்டு ஜாடியில் பாதி தரைக்கு வந்துவிடும். பிறகு லிட்டருக்குக் கால் கிராம் கணக்கில், கொஞ்சம் மீடிலேயே கரைத்து ஊற்றி, கலக்கி, தாளை மறுபடி தோய்த்துப் பார்த்தேன். 3.5 பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஏற்றினால் மீட் சப்பென்று ஆகிவிடும், கெட்ட கிருமிகளுக்கும் வழி திறக்கும்.

மறுநாள் மூடியருகில் காது வைத்தால் சோடா பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்தச் சத்தம். அளவு 1.052-இலிருந்து இறங்கத் தொடங்கியது. முதலில் போன வேகம் இல்லை, ஆனாலும் நிற்காமல் இறங்கி 1.006-இல் ஓய்ந்தது, 13.6 சதவீதம். 71பி-யிடம் இதற்கு மேல் கேட்க நியாயமில்லை.

பி.எச்சும் வெப்பமும் சரியாக இருந்து, ஆல்கஹால் 9 தாண்டி நின்றிருந்தால் கதை வேறு. அப்போதுதான் புது ஈஸ்ட், அதுவும் பழக்கி எடுத்து. 18 சதவீதம் வரை தாங்கும் ஈசி-1118 ஈஸ்டை 40 டிகிரித் தண்ணீரில் கோ-ஃபெர்ம் என்ற ஊட்டப் பொடி கலந்து இருபது நிமிடம் ஊறவைத்து, நின்றுபோன மீடைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நுரை விடுகிறதா என்று பார்த்து, பல மணி நேரத்தில் அளவைக் கூட்டி, துடிப்பாக இருக்கும்போது ஜாடியில் சேர்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். 1.030-இல் நின்றுவிட்டது, இனிப்பாக நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே பாட்டிலில் அடைக்காதீர்கள். நின்றுபோன நொதித்தல் வெயில் காலத்தில் தானாகவே மறுபடி கிளம்பும், மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடித்துச் சிதறும். அந்த இனிப்பே வேண்டும் என்றால் மீடைத் தெளியவைத்து, வண்டலை விட்டு வேறு ஜாடிக்கு மாற்றி, பதப்படுத்தும் பொருள்களான சல்ஃபைட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்த்து, சில வாரம் அளவு மாறவில்லை என்று பார்த்துவிட்டு அடைக்கலாம். சார்பேட் ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்க மட்டும் செய்யும், ஆகவே நொதித்தல் நடக்கும்போது அதைப் போட்டுப் பயனில்லை.