கொட்டானில் கிடைத்த ஸ்பேனர்

கானாடுகாத்தான் வீட்டை முன்னோர் படைப்புக்காகத் திறந்தபோது, இரண்டாம் கட்டு அறையில் பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் ஐயாவின் பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் நின்றது. 1989-க்குப் பிறகு யாரும் எடுக்காத வண்டி.

"ஒரு உதை விட்டுப் பாரு, கிளம்பிரும்" என்றான் பெரியப்பா மகன். எனக்கும் கால் துறுதுறுத்தது. ஆனால் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் அந்த ஒரு உதையிலேயே உடையலாம். முதலில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

கழற்றத்தான் முடியவில்லை. ஒரு நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் ஏறவில்லை, 14 வழுக்கியது. இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் முனை மழுங்கியிருக்கும். அப்பத்தா எதுவும் பேசாமல் உள்ளே போய் பனையோலையில் முடைந்த ஒரு பழைய கொட்டானைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஐயாவின் ஸ்பேனர்கள், எண்ணெய் ஊறிய வேட்டித் துணியில் சுற்றியபடி. 1/4 என்று பொறித்த ஒன்று கச்சிதமாகப் பிடித்தது. அதன் வாயை அளந்தால் அரை அங்குலத்துக்கும் மேலே இருக்கிறது! விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவுக் கணக்கில் அந்த எண் போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் இல்லை. வெள்ளைக்காரன் கணக்கு.

ஆயில் டாங்க் வறண்டு கிடந்தது. சரி, ஊற்றிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வண்டியில் ஆயில் தனி டாங்கில் இருக்கும். வருஷக்கணக்கில் சும்மா நின்றால் பம்ப் வழியாகக் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அடித்தகட்டைக் கழற்றியதும் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. கொஞ்சம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும். அதைப் பற்றி அப்பத்தா பேசினார், நிறையவே.

பிளக் துளை வழியாக மெல்லிய எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்தேன். நான்காம் நாள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகத் தள்ளினேன். 'ப்ச்' என்று ஒரு சின்னச் சத்தம். பிஸ்டன் அசைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத்துக்காக இதை லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்தப் புண்ணியத்தில் ரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் கிடைக்கிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில்தான் பொறி இல்லை. உள்சுற்றில் பூசிய அரக்கு இளகிப் பிசுபிசுவென்று இருந்தது. புதிதாகச் சுற்ற கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டை மறுபடி பூட்டியாகிவிட்டது. கொட்டானை மட்டும் கையோடு காரைக்குடிக்கு எடுத்து வந்துவிட்டேன்.