பாட்னாவுல நர்சிங் கத்துக்கிட்ட டீச்சரம்மா: என் கொல்கத்தா பயணம்

கொல்கத்தான்னா ஹவுரா பாலம், விக்டோரியா மெமோரியல்னு நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் போனதே மதர் தெரசா வாழ்ந்த இடங்களைப் பாக்கத்தான், அதனால மத்ததெல்லாம் இதுல இருக்காது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல ஷாலிமார் போய் இறங்கி, ரூம்ல பையைப் போட்டுட்டு நேரா ஏ.ஜே.சி. போஸ் ரோட்ல இருக்கிற மதர் ஹவுஸ் (அவங்க ஆரம்பிச்ச சபையோட தலைமை வீடு) போயிட்டேன்.

கீழ்தளத்துல கல்லறை. வெள்ளைக் கல்லு, அலங்காரம்னு ஒண்ணும் கிடையாது, மேல பூ இதழ்லயே ஏதாவது வாசகம் எழுதி வைக்கிறாங்க. மதர் தங்கியிருந்த ரூம் சமையலறைக்கு மேல இருக்கு. சின்ன கட்டில், ஒரு மேஜை, ஃபேன் கிடையாது. கொல்கத்தா வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்தா அந்த ரூம் எப்படி இருந்திருக்கும்! 1997 செப்டம்பர் 5ல இறக்கிற வரைக்கும் மதருக்கு இந்த வீடுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நிறைய பேர் கண்டுக்காம போற அந்த பாட்னா நாட்கள்தான். மதர் முதல்ல நர்ஸே இல்லைங்க, என்டாலி செயின்ட் மேரீஸ் ஸ்கூல்ல ஜியாகிரபி டீச்சர், அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ். 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போற ரயில்லதான் ஏழைங்களோட போய் வாழணும்னு அழைப்பு வந்துச்சுன்னு சொன்னாங்க, ஆனா கன்னியாஸ்திரியா இருந்த லொரேட்டோ மடத்தை விட்டு வெளிய வர 1948 ஆகஸ்ட் ஆயிடுச்சு. வந்ததும் சேரிக்கு ஓடல. பாட்னா ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட, கட்டுப் போட, பிரசவத்துல கூட நிக்க கத்துக்கிட்டாங்க, அப்போ வயசு 38. ஏழைங்க மாதிரி சோறும் உப்பும் மட்டும் சாப்பிட்டு வாழப்போறோம்னு அவங்க சொன்னதுக்கு, அங்க இருந்த மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ், அப்படி இருந்தா நீங்களே நோயில படுத்துடுவீங்க, அப்புறம் யாரைப் பாத்துக்குவீங்கன்னு கேட்டிருக்காங்க. மதர் அதை அப்படியே ஏத்துக்கிட்டாங்க. இன்னொருத்தர் உடம்பைப் பாத்துக்கணும்னா மனசு இருந்தா மட்டும் பத்தாது, கைக்கு வேலையும் தெரிஞ்சிருக்கணும்னு அவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கு.

மறுநாள் மெட்ரோ ஏறி காளிகாட். காளி கோயிலை ஒட்டியே நிர்மல் ஹிருதய், யாத்ரீகர்கள் தங்குற கட்டடமா இருந்ததை கார்ப்பரேஷன் கொடுத்து 1952 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. ரோட்டுல சாகக் கிடந்தவங்களைத் தூக்கிட்டு வந்து குளிப்பாட்டி, படுக்க வச்சு, அவங்கவங்க மதப்படியே வழியனுப்பி வச்ச இடம். உள்ள வாலண்டியருங்க துணி துவைக்கிறாங்க, சாப்பாடு ஊட்டுறாங்க. ஒரு சிஸ்டர் ஒரு பாட்டியைத் தோளையும் இடுப்பையும் பிடிச்சு அவ்ளோ மெதுவா ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க, ஒரே பக்கமா கிடந்தா படுக்கைப்புண் வந்துடும்ல. அதை நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், பாட்டி முகத்துல வலியே தெரியல.

இங்க வைத்தியம் சரியில்லைன்னு விமர்சனம் உண்டு. 1994ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல அதோட எடிட்டர் ராபின் ஃபாக்ஸ், நோயைச் சரியா கண்டுபிடிக்கிற ஏற்பாடும் கடுமையான வலிக்கு மருந்தும் பத்தலைன்னு எழுதினார். அது நியாயமான கேள்வின்னுதான் நான் நினைக்கிறேன், வலியில இருக்கவங்களுக்கு வலி மருந்து கொடுத்தே ஆகணும், பாட்னாவுக்குப் போய் கத்துக்கிட்டு வந்தவங்க ஆரம்பிச்ச இடம்ங்கிறதால அந்த எதிர்பார்ப்பு இன்னும் அதிகமாவே இருக்கு. அதே சமயம், வேற யாருமே தொடாத ஆளுங்களை இவங்க தொட்டுக் குளிப்பாட்டினாங்க, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

இன்னொண்ணு, சிஸ்டர்ஸ் கட்டுற அந்த நீலக் கரை வெள்ளைப் புடவை கொல்கத்தா பக்கத்துல டிட்டாகர்ல இருக்கிற காந்திஜி பிரேம் நிவாஸ்ல தொழுநோயாளிகள் கையால நெய்யிறது. எனக்கு அங்க போக நேரம் கிடைக்கல, நீங்க போனா ஒரு அரை நாள் ஒதுக்குங்க. மதர் ஹவுஸ் வியாழக்கிழமை பார்வையாளர்களுக்கு லீவு, அதைப் பாத்து டிக்கெட் போடுங்க.